அடிக்கும் வசவுக்கும் ஓர் அகராதி

சவுதியில், ஜுபைலில் நான் இருந்த லேபர் கேம்பில் சண்டை என்பது சாப்பாட்டு மணி மாதிரி. வராவிட்டால்தான் என்ன ஆச்சு என்று விசாரிப்போம். பாத்ரூம் வரிசையில் வாளியை முன்னால் தள்ளி வைத்தவனுக்குப் பல் போனது. ஏசியைக் குறைத்து வைத்தவனை மேல்கட்டிலிலிருந்து காலைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டான் இன்னொருவன். கிரிக்கெட் தோற்ற அன்று மெஸ்ஸில் தட்டுகள் பறந்தன. யாருடைய கட்சியிலும் இல்லாமல் பருப்பு ஊற்றிக்கொண்டிருந்தவனுக்குக் காது கிழிந்தது. பகல் முழுக்க வெயிலில் கம்பி மேல் தொங்கிவிட்டு வருகிற ஆம்பளைகளை அறைக்கு எட்டுப் பேராக அடைத்து வைத்தால் வேறென்ன நடக்கும்? கொஞ்சிக்கொண்டா இருப்பார்கள்?

நான் அங்கே சாரம் கட்டுகிற கும்பலுக்கு சார்ஜ்ஹேண்ட், நம்ம ஊர் மேஸ்திரி மாதிரி. பெட்ரோகெமிக்கல் ஆலையில் மராமத்து வேலை வருகிறபோது கோபுரங்களைச் சுற்றிப் பைப்பும் பலகையும் வைத்து மேடை கட்டுவோம். வெல்டரும் பெயிண்டரும் அதில் ஏறி வேலை பார்ப்பார்கள். இரண்டு பைப்பைக் குறுக்காகச் சேர்த்துப் பிடிக்கிற இரும்புப் பூட்டுக்கு கிளாம்ப் என்று பெயர். கைக்குள் அடங்கும், ஆனால் நல்ல கனம். கேம்பில் அது எதற்கெல்லாமோ பயன்படும். எங்கள் அறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பழைய கிளாம்பைத்தான் முட்டுக் கொடுத்திருந்தோம்.

எனக்குச் சிவகங்கைப் பக்கம். மூக்குக்கு மேல் கோபம் வரும், கை அதற்கும் முன்னால் போகும். அறையில் மூத்தவன் என்பதால் சண்டையை விலக்கி விடுகிற வேலையும் என் தலையில்தான் விழும். விலக்கப் போய் நான் வாங்கியது, சண்டை போட்டவன் வாங்கியதைவிட அதிகம்.

அந்த அறையில் மூன்று பேர் தாமாங்குகள். நேபாளத்துக்காரன் என்றால் நேபாளிதான் பேசுவான் என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இவர்கள் ரசுவா என்ற மலை மாவட்டத்தில், ஒரே பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர்கள், தாய்மொழி தாமாங். ஒருவர் வயதில் மூத்த பெயிண்டர், மனைவி இல்லாதவர், ஒரே மகள் காட்மாண்டுவில் விடுதியில் வளர்ந்து நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இன்னொருவன் அவருடைய சொந்தத் தங்கை மகன், இளவட்டம், என் கும்பலில் பைப் தூக்குகிறவன். மூன்றாமவன்தான் இந்தக் கதைக்கெல்லாம் காரணமானவன். அவனை நாங்கள் டிக்ஸ்னரி என்று கூப்பிடுவோம்.

அவன் எங்களோடு நெடுநாள் இருந்ததால் தமிழ் நன்றாகவே வரும். இடையிடையே இந்தி கலக்கும், அவ்வளவுதான். அவன் ஊரில் சிலர் சேர்ந்து தாமாங்குக்கும் நேபாளிக்கும் ஓர் அகராதி செய்துகொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு பகுதியாகப் பிரித்துக்கொண்டார்களாம். வாத்தியார்கள் பூவையும் பயிரையும் எடுத்துக்கொண்டார்கள். பூசாரி வீட்டுக்காரர்கள் சாமியை எடுத்துக்கொண்டார்கள். பாட்டுக்காரர்கள் கல்யாணத்தை எடுத்துக்கொண்டார்கள். அடி, உதை, காயம், வசவு, சாவு என்ற பகுதியைத் தொட ஒருத்தருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் இவனுக்குத் தள்ளிவிட்டார்கள்.

"நீ லேபர் கேம்ப்ல இருக்கே, உனக்கு அங்க நெறைய கிடைக்கும்னு சொன்னாங்க அண்ணே" என்றான்.

"தப்பாவா சொன்னாய்ங்க? சரியாத்தான் சொல்லிருக்காய்ங்க" என்றேன்.

ஒருநாள் பஸ்ஸில் வரும்போது, தமிழில் அடிப்பதற்கு எத்தனை சொல் என்று கேட்டான். எனக்குக் குஷி வந்துவிட்டது. அடி, அறை, குத்து, உதை, மிதி, மொத்து, சாத்து, விளாசு, கும்மு, பின்னு, வெளு என்று விரல் விட்டு அடுக்கினேன். மதுரைக்குப் போனால் இன்னும் ஒரு மூட்டை கிடைக்கும் என்றேன். அவன் முகம் வாடிவிட்டது.

"எங்களுக்கும் இருக்கு அண்ணே. கையால அடிச்சா ஒண்ணு, கட்டையால அடிச்சா ஒண்ணு, முட்டித் தள்ளினா ஒண்ணு. எங்கப்பா அடிக்கும்போது கேட்டிருக்கேன். இப்போ எவன்கிட்ட கேட்டாலும் நேபாளியில சொல்றான்."

பள்ளிக்கூடத்தில் தாமாங் பேசினால் வாத்தியார் காஞ்சொறிச் செடியைப் பிடுங்கி வந்து தொடையில் அடிப்பாராம். அரிப்பும் எரிச்சலுமாக இரவெல்லாம் தூங்க முடியாதாம். அப்படி அடித்து அடித்துத்தான் அந்தச் சொற்கள் போயின என்றான். எங்கள் மொழியை அடிக்க எவன் இருக்கிறான் என்று மீசையை முறுக்கியபடி சொல்ல வாயெடுத்தேன். என் மகன் படிக்கிற கான்வென்டில் தமிழில் பேசியதற்காக அவனுக்கு ஃபைன் போட்டதும், போன மாதம் நானே அதைக் கட்டச் சொல்லிப் பணம் அனுப்பியதும் ஞாபகம் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கேட்டால் வராத சொல் எப்போது வரும் என்பதை அவன் ஆலையில் கண்டுபிடித்தான். பைப் இறக்குகிறபோது வேறு அறையிலிருந்த ஒரு தாமாங் பையனின் விரல் நடுவில் மாட்டி நசுங்கிவிட்டது. நகம் பெயர்ந்து ரத்தம் கொட்டுகிறது, அவன் அலறுகிறான், எல்லாரும் ஓடுகிறோம். டிக்ஸ்னரியும் ஓடினான். ஆனால் அவன் பார்த்தது விரலை இல்லை, வாயை. விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருக்கும்போதே, "இப்போ என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு" என்று அவனைக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் டிக்ஸ்னரியின் பிடரியில் ஒன்று போட்டு விலக்கினேன்.

அதன் பிறகு எங்கே தாமாங்குகள் சண்டை போட்டாலும் இவன் முதல் ஆளாக நின்றான். அந்த கேம்பில் நூற்றுக்கணக்கில் நேபாளத்தார் இருந்தார்கள். ஆகவே அவனுக்குப் பஞ்சமில்லை. நாள் முழுக்க நேபாளியும் இந்தியும் பேசுகிறவர்கள் மூக்கில் குத்து விழுந்ததும் தாய்மொழிக்குத் திரும்பினார்கள். குத்து விழுகிறவரை காத்திருந்து, கேட்டு, போனில் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு விலக்கி விடுவான். முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் மெஸ்ஸுக்குப் பின்னால் ஒருவன் கழுத்தை இன்னொருவன் கரண்டிக் காம்பால் அழுத்திக்கொண்டிருந்தபோது, இவன் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"எரியிற வீட்ல புடுங்குனது லாபமாடா உனக்கு? அவன் செத்துப் போனா அந்தச் சொல்லை வச்சு என்ன பண்ணுவே?"

"சாக மாட்டான் அண்ணே. அவங்க தினமும் அடிச்சுக்குவாங்க" என்றான். முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை.

அவன் பகுதி கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் பாக்கி. அது ஒரு சாபம். அவர்களுக்குச் சாவுக்குப் பிறகு செய்கிற கேவா என்ற சடங்கு ரொம்ப முக்கியம். நமக்குக் கருமாதி மாதிரி, ஆனால் ஊரே கூடிச் செய்வது. உனக்கு கேவா செய்யக்கூட ஆள் இல்லாமல் போகட்டும் என்பதை ஒரே சொல்லில் சொல்கிற வசவு அவர்கள் பள்ளத்தாக்கில் மட்டும் உண்டாம். சின்ன வயதில் ஒரே ஒரு தடவை, நிலத் தகராறில் ஒருவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டிருக்கிறான். முதல் ஒலி ஞாபகம் இருக்கிறது, மீதி இல்லை. ஊரில் அது தெரிந்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தெரிந்த ஒரே ஆள் எங்கள் அறையிலேயே இருந்தார்: பெயிண்டர்.

அவர் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். வாயால் சொன்னால் பலித்துவிடும் என்பது அவர் பயம். இவன் கெஞ்சினான், டீ வாங்கிக் கொடுத்தான், துணி துவைத்துப் போட்டான். அவர் வாசல்வரை போய்த் துப்பிவிட்டு வந்து படுத்துக்கொள்வார். பெயிண்டர் அதிர்ந்து பேசாத மனிதர். மணல் வீச்சில் துருவைக் கழற்றுகிற வேலை அவருக்கு. முகமூடிக்குள் பத்து மணி நேரம் பேசாமல் இருந்து பழகியவர். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. டிக்ஸ்னரியும் அதைத்தான் சொல்வான், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

அவருக்குக் கோபம் வரும் நாளும் வந்தது. வந்தது மருமகன் வழியாக.

தாமாங்குகளுக்கும் நமக்கும் ஒரு விஷயத்தில் ஒரே வழக்கம். தாய்மாமன் மகள் என்றால் முறைப்பெண். பெயிண்டரின் மகள் அந்த மருமகனுக்கு உரியவள் என்று அவள் பிறந்தபோதே பேச்சு. கேம்ப் பாஸுக்கு இதைச் சொன்னால் புரியாது. மாமா மகளையா, அதெப்படி என்பார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் மாவட்டத்தில் இதற்காக வெட்டுக்குத்து விழுந்து, இன்னும் கோர்ட்டுக்கு அலைகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். பெயிண்டர் மகளைப் படிக்க வைத்தார். அவள் நேபாளியிலும் இங்கிலீஷிலும் வளர்ந்தாள், தாமாங்கில் ஒரு சொல்கூடத் தெரியாது. அவளைப் பைப் தூக்குகிறவனுக்குக் கொடுப்பதில்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தன் தங்கைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். தங்கை உடனே மகனுக்குப் போன் போட்டாள்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு. அறைக்கு முன்னால் கட்டியிருந்த கொடியில் பெயிண்டர் வேலைக்குப் போடுகிற தன் கவராலைப் பிழிந்து போட்டுக்கொண்டிருந்தார். டிக்ஸ்னரி வாசல்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். நான் குழாயடியிலிருந்து வாளியோடு வந்துகொண்டிருந்தேன். மருமகன் போனைக் கையில் பிடித்தபடியே வந்தான். வந்த வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

பேச்செல்லாம் தாமாங்கில். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் எல்லாமே புரிந்தது. அவன் கேட்டான். அவர் கவராலை உதறிக்கொண்டே சின்னதாக ஏதோ சொன்னார். அவன் கொடியைப் பிடித்து இழுத்தான்; ஈரத்துணியெல்லாம் மண்ணில் விழுந்தது. அவர் திரும்பி அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டார். மாமன் அடிக்கலாம், அதற்கு உரிமை உண்டு. ஆனால் அவன் திருப்பி அடித்தான். முஷ்டியை மடக்கி, தாய்மாமன் வாயிலேயே குத்தினான். அவர் உதடு கிழிந்து தாடையில் ரத்தம் இறங்கியது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். டிக்ஸ்னரியும் பெயிண்டரும் ஒரே குலம். அந்தக் கணக்கில் அவனும் மருமகனுக்கு மாமன் முறைதான். மாமன் குறுக்கே வந்து நின்றால் மருமகன் ஓங்கிய கையை இறக்கிவிட வேண்டும் என்று அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான். அவன் எழுந்து இரண்டு எட்டு வைத்திருந்தால் போதும். அவன் எழுந்தான். ஆனால் அங்கேயே நின்றான்.

"புடிடா அவனை!" என்று நான் வாளியைப் போட்டுவிட்டுக் கத்தினேன்.

அவன் என் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்திக் காட்டினான். கொஞ்சம் பொறுங்கள் என்று.

பெயிண்டர் வாயைத் துடைத்துக்கொண்டார். புறங்கையில் ரத்தத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தங்கை மகனின் கண்ணைப் பார்த்து, ஒரே ஒரு சொல்லைச் சொன்னார். கத்தவில்லை. கேட்டிராத சொல்லானாலும் மாமன் சபிக்கிறார் என்று புரிந்திருக்கும், அந்த வார்த்தை விழுந்ததும் மருமகனின் முகத்தில் ரத்தமே இல்லை. படியருகே நின்ற டிக்ஸ்னரியின் உதடுகளோ அசைந்துகொண்டிருந்தன. அவன் அந்தச் சொல்லைத் தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் சந்தோஷம் இருந்தது. நான் பார்த்தேன், எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

மருமகன் குனிந்து கதவு முட்டுக்கு வைத்திருந்த கிளாம்பை எடுத்தான். பெயிண்டரின் இடது காதுக்கு மேலே அடித்தான். ஈரத் துணியைக் கல்லில் அறைகிற சத்தம் கேட்டது. அவர் உட்காருவதுபோல மடங்கி, அந்தத் துணிகளின் மேலேயே சாய்ந்தார். இரண்டாவது அடி அவருக்கு விழாமல் என் முன்னங்கையில் விழுந்தது. எலும்பு விரிசல் விட்டது பிறகுதான் தெரிந்தது. நான் அவனைக் கீழே தள்ளி நெஞ்சில் முட்டி வைத்து, நல்ல கையால் முகத்தில் குத்தினேன். நிறுத்தத் தோன்றவில்லை. பக்கத்து அறைக்காரர்கள் வந்து என்னைப் பிய்த்து எடுத்தபோது அவன் முன்பல் இரண்டும் என் முஷ்டியைக் கிழித்திருந்தன. அவன் அழுதுகொண்டிருந்தான். "மாமா, மாமா" என்று அவர்கள் மொழியில் அழுதான் என்று பின்னால் தெரிந்தது. போலீஸ் வந்து அவனைக் கூட்டிப்போனது.

ஆஸ்பத்திரியில் பெயிண்டரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். என் கைக்கு மாவுக்கட்டு போட்டார்கள். வெளியே வந்தால் வராந்தா நாற்காலியில் டிக்ஸ்னரி குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"கையைக் காட்டி நிறுத்துனியே, எதுக்குடா?"

"வரப்போகுதுன்னு தெரிஞ்சுது அண்ணே" என்றான்.

விட்டேன் ஓர் அறை. நாற்காலியோடு சுவரில் போய் மோதினான். மூக்கில் ரத்தம் வந்தது. வாயிலிருந்து ஒரு வசவும் வந்தது, சுத்தமான தமிழில். நான் சாரத்தின் மேல் நின்று தினமும் ஆட்களைத் திட்டுகிற அதே வசவு, என் ஊர் இழுப்போடு. தாய்மொழிக்காக மற்றவன் மூக்கு உடைவதற்குக் காத்திருந்தவனுக்கு, தன் மூக்கு உடைந்தபோது வந்தது என் மொழி. அவனுக்கும் அது உறைத்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தான். மலையாளி நர்ஸ் ஒருவர் ஓடிவந்து, இது ஆஸ்பத்திரியா சந்தையா என்று எங்கள் இருவரையும் திட்டினார்.

பெயிண்டர் பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கையும் காலும் வரவில்லை, பேச்சும் போய்விட்டது. மூளையில் பேச்சுக்கான இடத்தில் அடி என்று அந்த நர்ஸ்தான் எங்களுக்கு எளிதாகச் சொன்னார். நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரியும், அவரால் பதில் சொல்ல முடியாது. இப்படி ஆனவர்களுக்குச் சில நேரம் ஒரு பாட்டோ சாமி பெயரோ வசவோ மட்டும் மிஞ்சும், என்ன கேட்டாலும் அதுதான் வெளியே வரும் என்றார்.

அவருக்கு என்ன மிஞ்சியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வேண்டும் என்றால் அந்தச் சொல். வலிக்கிறது என்றால் அந்தச் சொல். டிக்ஸ்னரியைப் பார்த்துக் கண் கலங்கினாலும் அந்தச் சொல். ஆயுசு முழுக்க வாய்க்குள்ளேயே பூட்டி வைத்திருந்த சாபம் ஒன்றுதான் அவருக்கு வாய் என்று ஆகிப்போனது. ஒவ்வொரு முறை அது வந்ததும் அவர் இடது கையால் தன் வாயிலேயே அடித்துக்கொள்வார். நாங்கள் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வோம்.

மகள் வீடியோவில் பேச வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். எத்தனை நாள் தள்ளிப்போடுவது? ஒரு மத்தியானம் டிக்ஸ்னரி போனைப் பிடித்தான். நான் அவர் தலையைத் தூக்கித் தலையணை வைத்தேன். திரையில் அந்தப் பெண் வெள்ளைக் கோட்டோடு வந்தாள்; நர்சிங் வகுப்பிலிருந்து ஓடிவந்திருக்கிறாள். அப்பாவின் மொட்டைத் தலையையும் தையலையும் கோணிய வாயையும் பார்த்துவிட்டு, "பாபா, பாபா" என்று விம்மினாள். அவர் வாயை இறுக்க மூடிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைக்க மூடிக்கொண்டார். எவ்வளவு நேரம் முடியும்? உதடு தானாகப் பிரிந்தது. மகளைப் பார்த்து அந்தச் சொல் வந்தது, தெளிவாக, ஒரு பிசிறும் இல்லாமல்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். அப்பா பேசிவிட்டார் அல்லவா? என்ன சொல்கிறார் என்று டிக்ஸ்னரியைக் கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். உனக்கு கேவா செய்யக்கூட ஆள் இல்லாமல் போகட்டும் என்று பெற்ற அப்பன் சொல்வதை எவன் மொழிபெயர்ப்பான்?

"சாப்டியான்னு கேக்குறார்" என்றான் நேபாளியில். "பழைய தாமாங். செல்லமாக் கேக்குறது."

சாப்பிட்டேன் பாபா என்று அவள் தலையைத் தலையை ஆட்டினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனுக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்து, அந்தச் சொல்லை மெதுவாக, கவனமாக, அப்பாவைப் பார்த்துத் திருப்பிக் கேட்டாள். தப்பில்லாமல் சொன்னாள். பெயிண்டர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு எல்லாம் புரியும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

வெளியே வந்ததும், "நான் வேற என்ன அண்ணே சொல்லிருக்கணும்?" என்று டிக்ஸ்னரி கேட்டான். அவனை இன்னொரு முறை அடிக்க வேண்டும்போல் இருந்தது. முதுகில் கை வைத்துத் தள்ளி, பஸ் நிற்கிற இடத்துக்குக் கூட்டிப்போனேன்.

கம்பெனி பெயிண்டரை ஊருக்கு அனுப்பியது. துணைக்கு இவனே போனான், மகள் எடுத்திருந்த வாடகை அறையில் அவரை இறக்கிவிட்டுத் திரும்பினான். திரும்பியவன் முன்பு மாதிரி இல்லை. எங்கே சத்தம் கேட்டாலும் ஓடிப்போய் நடுவில் விழுந்தான். இரண்டு பேர் ஓங்கினால் மூன்றாவதாக இவன்தான் அடி வாங்கினான். ஒருமுறை விலா எலும்பு விரிசல் விட்டு, மூச்சு இழுக்க முடியாமல் கிடந்தான். அடி வாங்குவதற்கென்றே போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்?

அகராதி வெளிவந்தது. புத்தகமாகவும் வந்தது, போனில் பார்க்கிற மாதிரியும் வந்தது. இவன் பகுதியைத்தான் எல்லாரும் மெச்சினார்களாம். கையால் அடித்தால் ஒன்று, கட்டையால் அடித்தால் ஒன்று, முட்டித் தள்ளினால் ஒன்று, எல்லாம் இருந்தது. நான் அந்தச் சாபத்தைக் கேட்டேன்.

"போடலை அண்ணே."

"அதுக்காகத்தானேடா அந்த மனுசனை அடிபட விட்டே?"

"ஆமா அண்ணே. போட்டா அவ பாப்பா. அப்பாகூடப் பேசணும்னு தாமாங் கத்துக்குறா. மொத ஆளா புத்தகம் வாங்கினதே அவதான். அந்தச் சொல்லு தெரிஞ்ச யாரும் இப்போ அவ பக்கத்துல இல்ல. தெரிஞ்சா இந்தப் புத்தகத்தாலதான் தெரியணும்."

கொலைகாரப் பயல், இதிலாவது ஒழுங்காக இருந்தானே என்று நினைத்துக்கொண்டேன். விஷயம் அதோடு முடிந்தது என்றும் நினைத்தேன்.

போன ரம்ஜான் லீவில் அவன் போனைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினான். விட்டுப்போன சொற்களை வாசகர்கள் அனுப்பலாம் என்று அந்த அகராதியில் அறிவித்திருக்கிறார்கள். அடி, வசவு, சாவு பகுதிக்கு வருவதைச் சரிபார்ப்பது இவன் பொறுப்பு. இப்போது ஒரு சொல் வீட்டுப் பேச்சு என்று வந்திருந்தது; அதை வேறொருவர்தான் பார்க்க வேண்டும், ஆனால் அவர் இவனுக்கு அனுப்பிவிட்டார், உங்கள் பள்ளத்தாக்குச் சொல், நீங்களே பாருங்கள் என்று. அனுப்பியவள் பெயிண்டரின் மகள். எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது, அவன் படித்துச் சொன்னான். உங்கள் புத்தகத்தில் ஒரு நல்ல சொல் விட்டுப்போயிருக்கிறது. என் அப்பா தினமும் சொல்வார். சாப்பாட்டுத் தட்டோடு போகும்போதெல்லாம் நானும் அவரிடம் சொல்வேன். பொருள்: சாப்பிட்டாயா, பிரியமாகக் கேட்பது.

"என்ன பண்ணே?"

"சேத்துட்டேன்."

"அந்தப் பொருள்லயா?"

"அந்தப் பொருள்லதான்."

எனக்கு ரத்தம் கொதித்தது. மொழியைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பியவன் அதில் விஷத்தைக் கலந்துவிட்டான் என்று கத்தினேன். இதற்கு அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டுச் செருப்படி வாங்கியிருக்கலாம் என்றேன். அவன் நான் கத்தி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தான்.

"அண்ணே, ஒரு சொல்லுக்கு என்ன பொருள்னு எப்படிப் பாப்போம்? யாரு எதுக்குச் சொல்றாங்கன்னுதானே பாப்போம்? இந்தச் சொல்லை உலகத்துல இன்னிக்கு வாயால சொல்றது ரெண்டே பேரு. ரெண்டு பேரும் அந்தப் பொருள்லதான் சொல்றாங்க. நான் பொய் எழுதலை."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

"சொல்றது ரெண்டு பேரு, சரி" என்றேன். "வாங்குனவன் ஒருத்தன் ஜெயில்ல உக்காந்திருக்கான். அவனும் உனக்கு மருமகன்தானே? நாளைக்கு வெளிய வந்து, அந்த வீட்டு வாசல்ல நின்னு மாமான்னு கூப்பிடுவான். அந்தப் பொண்ணு வந்து கதவைத் திறந்து, சொந்தக்காரன் வந்திருக்கான்னு, நம்ம ஊர்ல கேக்குற மாதிரி பிரியமாக் கேப்பாளே, அதே சொல்லுல, சாப்டியான்னு. அப்போ யாருடா குறுக்க போய் நிப்பா?"

அவன் போனை மடியில் கவிழ்த்து வைத்தான். அவன் முகம் வெளிறிப்போனது. நான் அதை அவனை அடிப்பதற்காகத்தான் சொன்னேன். அடி நன்றாகவே விழுந்தது. அன்றே அவன் கேம்ப் ஆபீஸில் போய், வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே போக எழுதிக் கொடுத்துவிட்டான். இப்போது காட்மாண்டுவில், பெயிண்டரும் மகளும் இருக்கிற அதே தெருவில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, அவர்கள் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான்.